கப்பல் அரங்கில் நல்ல இருக்கை எது?

நாடகம் பார்க்கச் செல்வோர் முதற்கண் தேடுவது இருக்கையை. நகரத்து அரங்கில் இத்தேட்டம் எளிதில் முடிந்துவிடும். நுழைவுச் சீட்டில் வரிசையின் எழுத்தும் இருக்கையின் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். கொடுத்த பணத்திற்கேற்ற இடம் கிடைக்கும். உல்லாசக் கப்பலின் அரங்கில் நிலைமை வேறு. ஆங்குப் பெரும்பாலும் இருக்கை எண்ணிட்ட சீட்டு இல்லை. காட்சிக்குரிய கட்டணம் பயணக் கட்டணத்திலேயே அடங்கிவிடுகிறது. பயணிகள் அனைவரும் உரிமையுடையோர். இருக்கைகளோ அனைவருக்கும் போதா. ஆதலின், மாலைக் காட்சிக்கு நல்ல இருக்கை பெறுவது எவ்வாறு என்பது சிறு வினாவாகத் தோன்றினும், ஆராய்வார்க்குக் கப்பலின் கட்டமைப்பு, காலப் பகிர்வு, மக்களின் நடத்தை ஆகிய மூன்றையும் விளக்கும் வினாவாக அமைகின்றது.

சிங்கப்பூரில் மெரினா பே பயணக்கப்பல் நிலையம் 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் பின்னர் மிகப் பெரிய கப்பல்களும் அத்துறையிலிருந்து புறப்படலாயின. கிள்ளான் துறைமுகத்திற்கும் இத்தகைய கப்பல்கள் வந்து செல்கின்றன. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மூன்று நான்கு நாள் கடற்செலவு மேற்கொள்வோர் நம்மிடையே பலர். அவர்கள் இச்செய்திகளை அறிந்திருத்தல் நன்று.

வகுப்பு போய் நேரம் வந்தது

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மக்களை ஏற்றிச் செல்வதே முற்காலப் பயணக் கப்பலின் தொழில். நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் மலாயாத் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிய 'ரஜுலா' 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. 1973 வரை பணியாற்றியது. அதில் வந்தவர்களுள் பெரும்பாலோர் தளப் பயணிகள். பாய் விரித்த இடமே அவர்க்கு வீடும் மன்றமும் ஆயிற்று. கரை சேர்வது ஒன்றே அவர்தம் நோக்கம்.

அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த செல்வர் கப்பல்களிலோ பொழுதுபோக்கிற்கெனத் தனி மண்டபங்கள் எழுந்தன. 1935ஆம் ஆண்டில் முதற்பயணம் புறப்பட்ட 'நார்மண்டி' என்னும் பிரெஞ்சுக் கப்பலில் ஏறத்தாழ 380 பேர் அமரத்தக்க அரங்கு இருந்தது. 1962இல் கடலோடத் தொடங்கிய 'பிரான்சு' என்னும் கப்பலின் அரங்கில் 664 இருக்கைகள் இருந்தன. அவ்வரங்கின் அமைப்புக் கருதத்தக்கது. முதல் வகுப்பினர் மேல்மாடத்தில் அமர்ந்தனர்; சுற்றுலா வகுப்பினர் கீழ்த்தளத்தில் அமர்ந்தனர். ஒரே மேடை, ஒரே காட்சி; எனினும் எவர் எங்கு அமர்வது என்பதை வகுப்பே முடிவு செய்தது.

வானூர்திகள் பெருகியபின் அத்தகைய கப்பல்களுக்கு வேலை குன்றிற்று. 'பிரான்சு' 1974இல் ஓய்வு பெற்றது. 1979இல் நார்வே நாட்டுக் கப்பல் நிறுவனம் ஒன்று அதனை வாங்கிப் புதுக்கி, 1980இல் 'நார்வே' என்னும் பெயரால் கரிபியக் கடலில் உல்லாசக் கப்பலாக ஓடவிட்டது. பழைய வகுப்புச் சுவர் அகன்றது. அதே அரங்கில் மாடத்திலும் கீழ்த்தளத்திலும் விரும்பியவர் விரும்பிய இடத்தில் அமரலாயினர்.

வகுப்பு மறைந்த இடத்தில் நேரம் வந்து அமர்ந்தது. முன்னர் வந்தவர் முன்னிடம் பெறுவர் என்பது புதிய முறை. இதுவே இன்றைய சிக்கலுக்குத் தோற்றுவாய்.

இருக்கைகள் ஏன் போதவில்லை?

'ஆயிரக்கணக்கானோர் பயணம் செய்யும் கப்பலில் ஆயிரக்கணக்கானோர் அமரும் அரங்கைக் கட்டலாகாதோ?' எனச் சிலர் வினவக்கூடும். அதற்கு விடை தீத்தடுப்பு விதிகளிலும் கப்பலின் உடலமைப்பிலும் உள்ளது.

1912இல் 'டைட்டானிக்' மூழ்கியபின், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான அனைத்துலக உடன்படிக்கை 1914இல் உருவாயிற்று. பலமுறை திருத்தம் பெற்று, 1974ஆம் ஆண்டு வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு அஃது இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி, பயணிகள் கப்பலைத் தீ தாங்கும் சுவர்களால் மேலிருந்து கீழாகப் பல பகுதிகளாகப் பிரித்தல் வேண்டும். ஒரு பகுதியின் நீளம் பொதுவாக 40 மீட்டரைத் தாண்டலாகாது. சிறப்பு நிலைகளில் 48 மீட்டர் வரை போகலாம். அப்போதும் எந்தத் தளத்திலும் அப்பகுதியின் பரப்பு 1,600 சதுர மீட்டருக்கு மேற்படலாகாது. ஓரிடத்தில் பற்றிய தீ கப்பல் முழுவதும் பரவாமைக்கு இதுவே காப்பு. அரங்கு இத்தகைய ஒரு பகுதிக்குள் அடங்க வேண்டும் என்பதே பொதுவிதி. மேடை, ஒப்பனை அறை, வாயில்கள், நடைவழிகள் ஆகியன போக எஞ்சியதே மக்களுக்கு. நீளத்தை மிகுத்தற்கு வழியில்லாமையால் மாடம் அமைத்து உயரத்தில் இடம் தேடுகின்றனர்.

எண்களைக் கொண்டு நோக்கினால் இது தெளிவாகும். 2016இல் செருமனியில் கட்டி முடிக்கப்பட்ட 'கெந்திங் டிரீம்' கப்பலில் அறைக்கு இருவர் எனக் கணக்கிட்டால் 3,300க்கு மேற்பட்டோர் தங்கலாம். அதன் பேரரங்கில் ஏறத்தாழ 1,000 இருக்கைகள் உள்ளன. ஒரே மாலையில் இரு காட்சிகள் நடந்து, இரண்டிலும் ஓர் இருக்கைகூடக் காலியாக இல்லையெனினும் 2,000 பேரே காண்பர். 1,300 பேருக்கு அன்று இடமில்லை. 2009இல் வெளிவந்த 'ஒயாசிஸ் ஆப் தி சீஸ்' கப்பலில் அவ்வாறு கணக்கிடின் 5,400 பேர். பேரரங்கின் இருக்கைகள் 1,300க்குச் சற்று மேல். இரு காட்சிகளிலும் சேர்த்துப் பயணிகளுள் ஏறத்தாழ பாதிப் பேரே காண இயலும்.

ஆகவே கப்பல் நிறுவனங்கள் மூன்று வழிகளைக் கையாளுகின்றன. முதலாவது, இரவுணவை முற்பந்தி, பிற்பந்தி என இரண்டாகப் பிரித்தல். முற்பந்தியினர் உண்ணும்போது பிற்பந்தியினர் காட்சி காண்பர். பின்னர் இருசாராரும் இடம் மாறுவர். இரண்டாவது, ஒரே நிகழ்ச்சியைப் பல மாலைகளில் நடத்துதல். மூன்றாவது, ஒரு பேரரங்கை மட்டும் நம்பாமல் பனிச்சறுக்கு அரங்கு, நீர் அரங்கு, இசைக்கூடம் எனப் பல அரங்குகளை அமைத்துக் கூட்டத்தைப் பரப்புதல்.

இதனை உணர்ந்தவர் ஓர் உண்மையை அறிவர். உணவு நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்நாளிலேயே காட்சி நேரமும் தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுகிறது. நல்ல இருக்கைக்கான முயற்சி அரங்கின் வாயிலில் தொடங்குவதன்று. பயணப் பதிவின்போதே தொடங்குகின்றது.

முன்வரிசை நல்ல வரிசையா?

முதல் வரிசையே சிறந்தது என்பது பலர் எண்ணம். வகுப்பறையை அறிந்த ஆசிரியர்கள் இதனை ஏற்கமாட்டார்கள். முதற்பலகையில் அமர்ந்த மாணவன் கரும்பலகையின் ஒரு மூலையை அண்ணாந்து பார்ப்பான். நடுப்பலகையில் அமர்ந்தவனே முழுப்பலகையையும் ஒருங்கே காண்பான்.

அரங்கிற்கும் இவ்விதி பொருந்தும். மேடை தரையினின்றும் ஏறத்தாழ இடுப்பளவு உயர்ந்திருக்கும். முதல் வரிசையினர் கண்ணுக்கு மேடைத் தரை தெரியாது. ஆடுவோரின் முகம் தெரியும், அடி தெரியாது. பத்துப் பன்னிருவர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் வட்டமும் வரிசையும் மாறிமாறி அமையும் அழகே சிறப்பு. அவ்வழகு முன்வரிசைக்கு எட்டாது.

மிகப் பின்னே சென்றாலும் இழப்பு உண்டு. நடிகரின் முகக்குறிப்பைத் தெளிவாகக் காண 20 மீட்டருக்குள் அமர்தல் வேண்டும் என்பது அரங்கு அமைப்போர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. இசை நாடகத்திற்கு 30 மீட்டர் வரை இசைவர். கப்பல் அரங்கு நீளத்தால் குறுகியதாதலின், அதன் கடைசி வரிசையும் பெரும்பாலும் இவ்வெல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். எனவே தொலைவைவிட மறைப்பே ஆங்குப் பெருங்குறை.

மறைப்பு மூவகைப்படும். முதலாவது, முன்னிருப்பவரின் தலை. மனிதனின் கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் இடையே ஏறத்தாழ 12 செண்டிமீட்டர் உண்டு. பின்வரிசையினரின் பார்வைக்கோடு முன்வரிசையினரின் கண்மட்டத்திற்கு மேல் அவ்வளவு உயர்ந்து செல்லின் மறைப்பு இராது. நல்ல சரிவுடைய அரங்கில் இது தானாக அமையும். கப்பலில் உயரம் சிக்கனமாதலால் கீழ்த்தளத்தின் முற்பகுதியில் சரிவு குறைவாக இருத்தல் உண்டு. அத்தகைய இடத்தில் குள்ளமானவரும் சிறுவரும் நடைவழியை ஒட்டிய இருக்கையைத் தேர்ந்துகொள்வது நலம்.

இரண்டாவது, தூண். அரங்கிற்கு மேலும் பல தளங்கள் உள்ளன. அவற்றின் சுமையைத் தாங்கத் தூண்கள் தேவை. பழைய கப்பல்களில் இவை மிகுதி. தூண் தரும் இடையூறு இன்று தோன்றியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடரங்கின் நீள அகல உயரங்களைக் கோற்கணக்கில் கூறுவதோடு, தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு அமைத்த திறத்தையும் குறிப்பிடுகின்றது. அன்று கவலை நிழலைப் பற்றியது; இன்று கவலை பார்வையைப் பற்றியது. அமருமுன் மேடையின் இரு ஓரங்களையும் ஒருமுறை நோக்கி, இரண்டும் தெரிகின்றனவா எனப் பார்த்துக்கொண்டால் இக்குறை நேராது.

மூன்றாவது, மாடம். மாடத்தின் அடியில் அமர்வோர்க்கு மேடையின் மேற்பகுதி மறையும். கயிற்றில் ஏறியும் அந்தரத்தில் தொங்கியும் வித்தை காட்டுவோர் உயரச் சென்றதும், அவர்தம் கால்களே கீழிருப்போர்க்குத் தென்படும். மாடத்தின் முதல் வரிசையிலோ கைப்பிடிக் கம்பி குறுக்கிடக்கூடும். நிமிர்ந்து அமரும் வளர்ந்தவர்க்கு அது தடையன்று. சிறுவரின் கண்ணுக்கு நேரே அது நிற்கும். அத்தகைய அரங்கில் குழந்தைகளோடு செல்வோர் மாடத்தின் இரண்டாம் மூன்றாம் வரிசை நடுவிடத்தை நாடுவது தகும்.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். அரங்கின் பின்புறத்தில், பெரும்பாலும் நடுவில், ஒலியையும் ஒளியையும் இயக்குவோர் அமரும் மேசை இருக்கும். தம் செவிக்கு இசைவாகவே அவர் ஒலியை அளவுபடுத்துவர். ஆகலின் அம்மேசைக்கு முன்னே அமர்வோர், இயக்குவோர் கேட்கும் அதே ஒலியைக் கேட்பர். ஒலிபெருக்கிகளை ஒட்டிய ஓர இருக்கைகளில் இசை மிகுந்தும் பேச்சுத் தெளிவு குறைந்தும் கேட்கும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், கீழ்த்தளத்தின் நடுவரிசைகளில், மாடத்தின் நிழலுக்கு முன்னே அமைந்த நடுவிடம் பெரும்பாலான காட்சிகளுக்கு ஏற்றது எனலாம். எனினும் காட்சிக்கேற்ப இடம் மாறும். குழு நடனத்திற்கு மாடத்தின் நடுவிடம் சிறந்தது. தனிப்பாடகர்க்கும் நகைச்சுவையாளர்க்கும் முன்பகுதி சிறந்தது. ஆயின் நகைச்சுவையாளர் முன்வரிசையினரை விளையாட்டுக்கு இழுப்பது வழக்கமாதலின், கூச்சமுடையோர் ஐந்தாம் வரிசைக்குப் பின்னே அமர்வது நல்லது. கைவித்தைக்கு ஓரத்தைவிட நடுவிடமே ஏற்றது.

கடலின் அசைவு

நகரத்து அரங்கிற்கு இல்லாத ஒரு நிலை கப்பல் அரங்கிற்கு உண்டு. அது நிலையாய் நில்லாது. கப்பலின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் கடலோடிகள் கூறுவர். பெரும்பாலான கப்பல்களில் பேரரங்கு அணியத்தை ஒட்டி அமைந்திருக்கும். ஊஞ்சற் பலகையின் நடுவைவிட முனை மிகுதியாக ஏறி இறங்குவது போல, கப்பலின் நடுவைவிட அணியமும் அமரமும் அலையில் மிகுதியாக ஏறி இறங்கும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் இருபுறத்திலும் நீருக்கடியில் துடுப்புப் போன்ற கருவிகள் உள்ளன. முன்பின் ஏற்றத் தாழ்வை அவை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

மலாக்கா நீரிணையில் இது பெரும்பாலும் உணரப்படாது. திறந்த பெருங்கடலில் நன்கு உணரப்படும். அணியத்து அரங்குகளில் மேடை முன்னே நோக்கியிருப்பதே பெரும்பான்மை. ஆகவே பின்வரிசைகளே கப்பலின் நடுவுக்கு அண்மையில் உள்ளவை. தலைசுற்றலுக்கு அஞ்சுவோர் கீழ்த்தளத்தின் பின்வரிசையில் வாயிலுக்கு அருகே அமர்ந்தால் அசைவும் குறையும். எழுந்து செல்ல நேரின் பிறர்க்கு இடையூறும் இராது. பிறர் 'மோசமான இடம்' என ஒதுக்குவது இவர்க்கு நல்ல இடமாகிறது.

பிற அரங்குகள்

1999இல் வந்த 'வாயேஜர் ஆப் தி சீஸ்' கப்பலில்தான் கடலில் முதன்முதலாகப் பனிச்சறுக்குத் தளம் அமைந்தது. பனிச்சறுக்குக் காட்சிக்கு முன்வரிசையைவிடச் சற்று உயர்ந்த வரிசை மேலானது. சறுக்குவோர் வரையும் வளைகோடுகள் உயரத்திலிருந்தே தெளிவாகும். நீண்ட பக்கத்தின் நடுவிடத்தை நாடுவது முறை.

'ஒயாசிஸ்' கப்பலின் அமரத்தில் திறந்தவெளி நீர் அரங்கு உண்டு. ஏறத்தாழ 18 அடி ஆழமுள்ள குளத்தில் உயரத்திலிருந்து பாய்வோர் வித்தை காட்டுவர். அங்கு முன்வரிசைகள் நீர் தெறிக்கும் வரிசைகள் என்று குறிக்கப்பட்டுள்ளன. அவை எளிதில் கிடைப்பதும் அதனாலேயே. காற்று மிகுந்தால் காட்சி நிறுத்தப்படும் அல்லது வேறு நாளுக்கு மாற்றப்படும். ஆதலின், பயணத்தின் கடைசி நாளுக்கென அதனை ஒத்திவைத்தல் தகாது.

2014இல் வந்த 'குவாண்டம் ஆப் தி சீஸ்' கப்பலில் அமரத்தில் ஒரு கூடம் உண்டு. பகலில் உயர்ந்த கண்ணாடிச் சுவர் வழியே கடலைக் காட்டும். இரவில் அக்கண்ணாடிமீது திரையிறங்கி ஒளிப்படங்கள் தோன்றும். இயந்திரக் கைகள் ஏந்திய திரைகளும் அசைந்தாடும். அகன்ற காட்சியாதலின் முன்னே அமர்வோர் கழுத்தை இருபுறமும் திருப்ப வேண்டிவரும். பின்னே சென்று மேல்மட்டத்தில் அமர்வோர் அனைத்தையும் ஒரே பார்வையில் அடக்குவர்.

முன்பதிவின் பொருள்

பெரிய கப்பல்கள் சிலவற்றில் காட்சிக்கு முன்பதிவு செய்யும் வசதி உண்டு. கைத்தொலைபேசியிலுள்ள செயலி வாயிலாகவோ கப்பலிலுள்ள முகப்பிலோ பதிவு செய்யலாம். இதில் ஒரு தவறான கருத்து நிலவுகின்றது. முன்பதிவு என்பது பெரும்பாலும் அரங்கினுள் நுழையும் உரிமையே. குறிப்பிட்ட இருக்கைக்கு உரிமையன்று. பதிவு செய்தவரும் நல்லிடம் வேண்டின் முன்னதாகவே வருதல் வேண்டும். காட்சி தொடங்குவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்பும் வராதவரின் இடம், வாயிலில் காத்திருப்போர்க்குத் திறந்துவிடப்படுவது பொதுவான நடைமுறை. ஆதலின் பதிவு கிடைக்காதவர் மனந்தளர வேண்டுவதில்லை. காத்திருப்போர் வரிசையில் நின்றவர்கள் இடம்பெற்றுச் செல்வது அன்றாடம் நிகழ்வதே.

நாளைத் தேர்வதிலும் நுட்பம் உண்டு. கடலிலேயே கழியும் நாளில் பயணிகள் அனைவரும் கப்பலில் இருப்பர்; அரங்கு நெருக்கமாகும். துறைமுகத்தில் நெடுநேரம் நின்ற நாளில் பலர் களைத்துத் திரும்புவர். சிலர் காட்சியை விடுத்து உறங்கச் செல்வர். முதியோர் மிகுந்த நீண்ட பயணங்களில் முற்காட்சி நிரம்பும். பிற்காட்சியில் இடம் இருக்கும். ஒரே நிகழ்ச்சி பல மாலைகளில் நடப்பதாயின் பிந்திய மாலையைத் தேர்வது நலம்.

பணத்தின் பங்கு முற்றும் ஒழிந்துவிட்டது எனக் கூறுதற்கில்லை. 2007இல் வந்த 'குயின் விக்டோரியா' கப்பலின் அரங்கில், இலண்டன் நகரத்து நாடக அரங்குகளைப் போன்று தனி மாடங்கள் அமைக்கப்பட்டன. கடலில் இவ்வகை மாடம் அதுவே முதலாவது. கட்டணம் செலுத்தி அவற்றைப் பதிவு செய்யலாம். வேறு சில கப்பல்களில் உயர்விலை அறைகளில் தங்குவோர்க்கெனச் சில வரிசைகள் ஒதுக்கப்படுகின்றன. வாயில் வழியே வெளியேறிய வகுப்பு, பக்கக் கதவு வழியே மெல்ல உள்ளே எட்டிப் பார்க்கின்றது எனலாம். எனினும் அரங்கின் பெரும்பகுதி இன்னும் பொதுவிடமாகவே இருந்து வருகின்றது.

துண்டு போடுதல்

பொதுவிடம் என்பதனாலேயே ஒரு தீங்கு விளைகின்றது. பேருந்தின் சாளரம் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் பழக்கம் நாம் அறிந்ததே. கப்பல் அரங்கிலும் அது நிகழ்கின்றது. அதனைச் செய்வோர் எல்லா நாட்டினரும் ஆவர். ஒருவர் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, தமக்கு ஓரிடமும் உறவினர்க்கு நான்கிடமும் எனச் சால்வையாலும் கைப்பையாலும் வரிசையை அடைத்துவிடுகின்றார். இவ்வாறு நூறு பேர் செய்தால், 1,000 இருக்கைகளுள் 400, ஆளில்லாமலேயே நிரம்பிவிடும். காட்சிக்கு இருபது நிமிடங்களுக்கு முன் முறையாக வருபவர் கண்ணுக்கு அவை காலியாகத் தோன்றும். அணுகினால் 'ஆள் வருகிறார்' என்னும் விடையே கிடைக்கும்.

இதனால் இடம் இழப்பவர் யாவர்? சோம்பலால் பிந்தியவர் அல்லர். மின்தூக்கியில் நெரிசல் தணியும்வரை காத்து நின்ற முதியவர். குழந்தைக்கு உணவூட்டி வரும் தாய். பிற்பந்தியில் அமர நேர்ந்து, பரிமாறுவோர் தாமதித்ததால் விரைந்து வருபவர். சக்கர நாற்காலியில் வருபவர். சக்கர நாற்காலிக்கெனக் குறித்த இடங்கள் அரங்குகளில் உண்டு. ஆனால் அவற்றின் அருகேயுள்ள துணைவரின் இருக்கையைப் பிறர் பற்றிக்கொண்டால், கணவர் ஓரிடத்திலும் மனைவி வேறிடத்திலும் அமர நேர்கின்றது. நடைவழியில் நின்றேனும் காணலாம் என்றால் அதற்கும் இடமில்லை. நெருப்பு நேர்ந்தால் மக்கள் வெளியேற வேண்டிய வழி அது. அதனை அடைத்து நிற்கப் பணியாளர் இசையமாட்டார்கள். ஆகவே இருக்கை இழந்தவர் காட்சியையே இழக்கின்றார்.

இதனைத் தடுக்கக் கப்பல் நிறுவனங்கள் அறிவிப்புச் செய்கின்றன. பணியாளரும் பணிவோடு எடுத்துரைக்கின்றனர். ஆயினும் விருந்தினரோடு வாதாடுவது அவர்க்கு எளிதன்று. இறுதியில் இது பயணியின் நேர்மையைப் பொறுத்ததே. உடன் வருவோர்க்காக ஓரிடத்தைச் சில நிமிடம் காத்திருத்தல் குற்றமாகாது; ஒரு வரிசையை ஒரு மணி நேரம் பூட்டி வைத்தல் குற்றமே. குடும்பத்தினர் அனைவரும் ஒன்றாக வந்து ஒன்றாக அமர்வதே செவ்வையான வழி. அவ்வாறு வரும்போது வரிசையின் நடுவுக்கு நகர்ந்து அமர்ந்தால், பின்வருவோர் எவர் காலையும் தாண்டாமல் உட்கார இயலும்.

ஒரே நிகழ்ச்சியை மீண்டும் மீண்டும் காண்போரையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். மேற்காட்டிய கணக்கின்படி, பயணம் முழுவதிலும் ஒருவர்க்கு ஒருமுறை என்ற அளவிலேயே இருக்கைகள் அமைந்துள்ளன. ஒருவர் இரண்டாம் முறை காண வேண்டின், முதன்முறை காண்போர் அமர்ந்தபின் எஞ்சிய இடத்தை நாடுவதே நயத்தக்க நாகரிகம். முன்வரிசையில் அமர்ந்து காட்சியின் நடுவே எழுந்து செல்வதும் இத்தகையதே. மேடையில் நிற்பவர்க்கு முன்வரிசையின் வெற்றிடம் போலத் துயர் தருவது பிறிதில்லை.

முடிவுரை

நல்ல இருக்கை என்பது எல்லார்க்கும் பொதுவான ஓர் இடமன்று. நடனம் காண விழைவோர்க்கு மாடம். பாட்டைக் கேட்போர்க்கு நடுவிடம். அலைக்கு அஞ்சுவோர்க்குப் பின்வரிசை. சிறுவர்க்கு நடைவழி ஓரம். தமக்கு ஏற்றது எது என அறிந்தவர் பிறர் விரும்பும் இடத்திற்காகப் போராடுவதில்லை. அறிவு மிகுந்தவிடத்து நெருக்கடி குறைகின்றது.

ஒரு காலத்தில் கப்பலில் எவர் எங்கே அமர்வது என்பதை வகுப்பு வகுத்தது. இன்று அப்பொறுப்பில் பெரும்பகுதி பயணிகள் கைக்கு வந்துள்ளது. உணவு நேரத்தை ஓர்ந்து தேர்தல், உரிய நேரத்தில் வருதல், வேண்டிய அளவே இடங்கொள்ளல் ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் கைக்கொண்டால், ஆயிரம் இருக்கைகளைக் கொண்டே மூவாயிரம் பேர் முறைவைத்து மனநிறைவோடு காட்சி காணலாம். பிறர்க்கும் ஓரிடம் வேண்டும் என்னும் நினைவோடு அமர்ந்தவரின் இருக்கை, அது எவ்வரிசையில் இருப்பினும், நல்ல இருக்கையே.